தனுஷ்கோடி: ஊற்று நீரில் நிற்கும் ஊர் (நிகழ்வு ஆய்வு)

ஒதுங்கிய ஊர் என்றதும் மலைதான் நினைவுக்கு வரும். செங்குத்துப் பாதை, சுமை ஏற்றிய மட்டக்குதிரை, நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்குவது என்று ஒரு படம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. ஓரிரு ஆள் உயரத்துக்கு மேல் மேடே இல்லாத மணலிலும் அதே ஒதுக்கம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் அதற்குத் தனுஷ்கோடியை விட நல்ல உதாரணம் கிடையாது.

ராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே புதுரோடு, முகுந்தராயர் சத்திரம், பழைய தனுஷ்கோடி இடிபாடுகள், கடைசியில் அரிச்சல்முனை. வழி நெடுக மணல் ஒடுங்கிக்கொண்டே போகிறது. முனையை நெருங்கும்போது சாலையில் நின்றபடியே இரு பக்கமும் கடலைப் பார்க்கலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு அவை வடகடலும் தென்கடலும்தான். அலை அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், மோதி அடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரை நம்பி வாடைக்காலத்தில் பெண்கடலில் தோணி இறக்கினால் தெரியும் அதன் குணம்.

இந்த மணலில் கம்பிப்பாடு போன்ற குடிசைத் தொகுப்புகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அரசுக் கணக்கில் வாழத் தகுதியற்றது என்று எழுதப்பட்ட இடத்தில் ஊர் எப்படி நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இரண்டு தனுஷ்கோடிகள்

1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி துறைமுக ஊரானது. சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, எதிரே நிற்கும் கப்பலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், தண்ணீர்த் தொட்டி என்று ஊர் வளர்ந்தது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும் கடல் ஏற்றமும் அதை முடித்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை எட்டுவதற்கு முன்பே அலையில் போனது. அதில் மட்டும் 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீர்செய்தது. தனுஷ்கோடித் தண்டவாளத்தை யாரும் சீர்செய்யவில்லை. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது, ஊர் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் வலைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பிடிவாதம், பாசம் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் எளிது. ஒரு கடல் கொந்தளித்தால் இன்னொரு கடல் அடங்கியிருக்கும், ஆகவே வருடம் முழுக்கத் தொழில் நடக்கும். காலடியில் நல்ல தண்ணீரும் இருக்கிறது. பெருநிலத்தில் பல கடற்கரை ஊர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. ரயிலும் கப்பலும் கொண்ட ஊரைத் தாங்க முடியாத மணல் வலைக்காரர் குடியிருப்பைத் தாங்குவதற்குக் காரணம் அளவு. இங்கே எதையும் கொஞ்சமாக, மெதுவாக எடுத்தால் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் திட்டங்கள் பெரும்பாலும் தவறுவது இந்த அளவைப் பார்க்காமல் வருவதால்தான். அதற்கு முதல் சாட்சி ஊற்று.

ஊற்று

உப்புக் கடல் இரண்டுக்கு நடுவில் இரண்டு மூன்று அடி தோண்டினால் குடிநீர் வருவதைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் அதிசயிக்கிறார்கள். ராமர் அம்பு விட்டார் என்று கதையும் கிடைக்கும். நடப்பது இதுதான். மழைநீர் மணலில் இறங்குகிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரை விடச் சுமார் 40ல் ஒரு பங்கு அதிகம். ஆகவே மணலுக்குள் ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் மழைநீர் மிதக்கிறது. நடுவில் தடித்தும் இரு கரையோரமும் மெலிந்தும், பருப்பு வடிவில் நிற்கும்.

மிதப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 பங்கு எழுந்தால் கீழே 40 பங்கு இறங்கி நிற்கும். அதாவது ஊற்றில் தண்ணீர் கடலை விட 10 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால், அடியில் ஏறத்தாழ 4 மீட்டர் நல்ல நீர். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து மட்டத்தை 5 சென்டிமீட்டர் இறக்கினால், அடியில் உப்பு 2 மீட்டர் மேலேறத் தொடங்கும். நிஜத்தில் உப்பும் நல்லதும் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்பதில்லை. இடையில் கலங்கிய உவர்ப்பட்டை ஒன்று உண்டு. ஆகவே கணக்கு காட்டுவதை விடச் சீக்கிரமாகவே நாக்கில் உப்பு தட்டும்.

ஊர்ப் பெண்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை, செய்கிறார்கள். இடம் பார்ப்பதில் தொடங்குகிறது வேலை. இரு கடலுக்கும் நடுவில், மணல்மேட்டை ஒட்டிய பள்ளமே நல்ல இடம். தாழையோ பனையோ நின்றால் இன்னும் நல்லது. மேட்டில் தோண்டினால் ஆழம் கூடும், வேலையும் கூடும். கரைக்குப் பக்கத்தில் தோண்டினால் ஆழம் குறையும், உப்பும் வரும். அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் மட்டும் படர்ந்திருந்தால் நம்பக் கூடாது. அவை உப்புக்காற்றைத் தாங்கும் செடிகள், நல்ல நீருக்குச் சாட்சி இல்லை.

குழியை நேராகக் கீழே தோண்ட முடியாது. காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருக்கும். வாயை அகலமாக விட்டுக் கிண்ணம்போலச் சரித்துக்கொண்டு போய், ஈரமணல் தட்டியதும் குறுக்குகிறார்கள். தண்ணீர் கசியும் இடத்தில் அடி வெட்டிய டிரம்மையோ சிமென்ட் உறையையோ இறக்குகிறார்கள். உறை இல்லாவிட்டால் ஓலையையோ பலகையையோ சுற்றி முட்டுக் கொடுப்பார்கள். உறையை இறக்கிய பின் இன்னும் ஒரு முழம் தோண்டினால் அதிகத் தண்ணீர் நிற்குமே என்று தோன்றும். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு அதுதான். ஆழமான குழி உப்புக்கு அருகில் போகும் குழி. ஒரு அடித் தண்ணீர் நின்றால் போதும். வேண்டுமானால் பத்தடி தள்ளி இன்னொரு குழி.

முதலில் ஊறும் கலங்கல் நீரை வெளியே இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தெளிந்ததும் சிரட்டையால், மேலாக, குழியின் அடியைத் தொடாமல் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். வாளியை விட்டால் ஒரே அள்ளலில் மட்டம் இறங்கி மணலும் கலங்கும். சிரட்டை எடுக்கும் வேகமும் ஊறும் வேகமும் ஏறத்தாழ ஒன்று. பழக்கத்தில் கண்டுபிடித்த அளவுகோல் அது. கோடையில் ஒரு குடம் நிறையப் பொழுது பிடிக்கும், வரிசை நீளும், பேச்சும் நீளும். மழை முடிந்த தை மாதத்தில் அந்தக் காத்திருப்பு இருக்காது.

இதில் மோட்டார் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். அரை குதிரைத்திறன் மோட்டார் சில நிமிடத்தில் குழியை வற்ற வைக்கும், அடியிலிருந்து உப்பு கூம்பாக மேலேறி வரும். ஏறிய உப்பு மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. மணல் துளைகளில் தங்கிய உப்பைக் கழுவ அடுத்த மழை வேண்டும், சில சமயம் இரண்டு மழைக்காலம். ஆழ்துளைக் கிணறு இன்னும் மோசம், அது நேராக உப்பில் போய் உட்காரும். இயந்திரத்தால் எடுத்தே ஆக வேண்டுமானால், ஆழமாகப் போகாமல் கிடையாகத் துளைக்குழாயை மணலில் பதித்து நீளவாக்கில் மெல்லச் சேகரிக்க வேண்டும். அதற்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தால்தான் ஆயுள்.

ஊற்றைக் கெடுக்கும் இன்னொன்று கழிப்பறை. உறிஞ்சுகுழிக் கழிப்பறைக்கு, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது வழக்கமான விதி. தண்ணீரே 1 மீட்டரில் நிற்கும் இடத்தில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? பெருநிலத்து வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து குழி தோண்டினால் கழிவு நேராகக் குடிநீரில் கலக்கும். மணல் சல்லடையாகி நுண்கிருமியைப் பிடித்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. நீர் நிறைந்த பருமணலில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. தரைக்கு மேல் எழுப்பிய, அடி மூடிய தொட்டி வைத்து, நிறைந்ததும் வெளியே எடுத்துப் போவது ஒன்றுதான் இங்கே பொருந்தும். செலவும் கூடுதல், எடுத்துப்போக வண்டியும் வர வேண்டும். அதனால்தான் செய்வதில்லை.

இரண்டு கடல், ஒரு வலை

தெற்கிலிருந்து சோழகக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்திருக்கும். அக்டோபருக்குப் பின் வாடை தொடங்கியதும் தலைகீழ். பருவம் திரும்பும்போது வலையும் தோணியும் மணலைத் தாண்டி மறுகரைக்குப் போகின்றன. வேறு ஊர்க்காரன் கடல் பார்த்துக் காத்திருக்கும் மாதங்களில் இங்கே தொழில் நடக்கும்.

வல்லம் என்ற படகில் போய்ச் செவுள்வலை விடுவதும் உண்டு. ஆனால் இந்த மணலுக்கென்றே அமைந்தது கரைவலை. பாறை இல்லாத, மெல்லச் சரியும் மணல் அடித்தளம் வேண்டும், ஆள் நின்று இழுக்கக் கரை வேண்டும். வலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். அன்றைக்குக் கிடைத்த மீனுக்கும் பாடு என்றே பெயர். கம்பிப்பாடு என்ற ஊர்ப்பெயரின் வாலிலும் அதே சொல்தான் ஒட்டியிருக்கிறது.

வலையின் நடுவில் பைபோன்ற மடி. இரு பக்கமும் நீண்ட கை. கை நுனியில் பெரிய கண்ணி, மடியை நெருங்க நெருங்கக் கண்ணி சிறுத்துக்கொண்டே வரும். மேல்விளிம்பில் மிதவை, கீழ்விளிம்பில் ஈயக் குண்டு. இரு கையின் நுனியிலிருந்தும் பல நூறு மீட்டர் நீளக் கயிறு. ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் ஒரு கூட்டத்திடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போகிறது. முதலில் கயிறு, பிறகு ஒரு கை, மடி, மறு கை என்று அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், மறு கயிற்றோடு கரைக்குத் திரும்புகிறது. இரண்டு கயிற்று முனைகளுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கும். பிறகு இழுவை.

இரு பக்கமும் சேர்த்து 20 முதல் 40 பேர். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டுக் கயிறு, அதன் நுனியை இழுகயிற்றில் மாட்டிக்கொண்டு உடம்பின் எடை முழுவதையும் சாய்த்துப் பின்னோக்கி நடப்பார்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் கழற்றிக்கொண்டு, மறுபடி நீர் ஓரத்துக்கு வந்து மாட்டுவார். கடைசியில் ஒருவர் வந்த கயிற்றைச் சுருள் போடுவார். அம்பாப் பாட்டு அந்த நடையின் தாளம். பாட்டு நின்றால் இழுவை கோணும் என்று பழையவர்கள் சொல்வதில் காரணம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வராவிட்டால் மடி ஒருபக்கமாகச் சாயும், மீன் தளர்ந்த பக்கத்தால் வெளியேறும். அதைப் பார்ப்பதற்கே ஒருவர் நடுவில் நின்று மடியின் மிதவையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்: "கெழக்க விட்டுப் புடிங்கப்பா, மேக்க நெருக்கு!"

இரண்டு கூட்டமும் இழுத்தபடியே ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். சீக்கிரமே நெருங்கினால் வலை ஒடுங்கி அரைவட்டத்துக்குள் இருந்த மீன் குறையும். தாமதமாக நெருங்கினால் கை விரிந்தே கரையேறி, கீழ்விளிம்பு தரையை விட்டுக் கிளம்பும். கடைசி ஐம்பது அடியில்தான் அதிக மீன் தப்பும். ஆகவே சிலர் நீரில் இறங்கிக் கீழ்விளிம்பைக் காலால் மிதித்தபடி, கையால் நீரை அடித்து மீனை மடிக்குள் ஓட்டுவார்கள். ஒரு வலைப்பாடு முடிய மூன்று நான்கு மணி நேரம். கிடைப்பது நெத்திலி, சூடை, காரல், பாரை, சீலா, கணவாய். சில நாளில் வெறும் சொறி, அதாவது ஜெல்லிமீன். மடி நிறையச் சொறி வந்தால் அதன் பாரம் தாங்காமல் வலை கிழியும், அதற்கு முன் கையும் காலும் எரியும்.

கெடுவது பெரும்பாலும் நீரோட்டத்தால். மீனவர் சொல்லில் நீவாடு. அது வலுத்தால் இறக்கிய அரைவட்டமே கோணிப்போய் ஒரு கயிறு தளர்ந்தும் மறு கயிறு விறைத்தும் நிற்கும். அப்போது தளர்ந்த பக்கத்துக் கூட்டம் கரையோரமாக நகர்ந்துகொண்டே இழுக்க வேண்டும். அடியில் ஏதாவது தடுக்கினால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. இழுவையைத் தளர்த்தி, ஒருவர் முக்குளித்து விடுவிக்க வேண்டும். மடி கிழிந்தால் ஒரு நாள் பாடு போகும். முழு வலை கிழிந்தால் சம்மாட்டி கடன் வாங்க வேண்டும்.

கடன் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. அன்றைய விற்பனையில் சாப்பாடு, டீசல் செலவு கழித்து, மீதியில் வலைக்கும் தோணிக்கும் ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. இழுப்பவர் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், சம்மாட்டி வியாபாரியிடம் வாங்கியிருப்பார். வாங்கியவருக்கே மீனைப் போட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம், ஆகவே விலையை வியாபாரி சொல்வார். வட்டி என்று ஒரு எண் எங்கும் தெரியாது, அது மீனின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. வரத்து குறைந்த சந்தையில் இவர்கள் மீனுக்கு அப்போதுதான் மரியாதை. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கே என்று தமிழ்நாட்டின் 1983ஆம் வருடக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதும் விசைப்படகின் இழுவைமடி செய்வதும் வேறு. அதே நேரம் கரைவலை முழுக்கச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. மடியின் சிறு கண்ணியில் பாரைக் குஞ்சும் சீலாக் குஞ்சும் வந்து மணலில் காய்கின்றன. உயிரோடு இருக்கும்போதே அள்ளிக் கடலில் விட்டால் நாளைக்கான முதலீடு. மடி கரையேறும் அவசரத்தில் அது நடப்பது குறைவு.

ஐஸ் ராமேசுவரம், பாம்பன் பக்கமிருந்து வர வேண்டும். வராத நாளில் மீன் கருவாடாகும். நெத்திலிக்கு உப்பு வேண்டாம், நல்ல வெயிலில் ஓரிரு நாள் போதும். பெரிய மீனை வகிர்ந்து குடல் நீக்கி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு ஊற வைத்துக் காயப் போடுவார்கள். மணலில் நேராகப் பரப்பினால் கடிக்கும்போது நறநறக்கும், விலையும் பாதியாகும். பழைய வலையைக் கம்புகளில் கட்டி அதன்மேல் பரப்பினால் அடியிலும் காற்று போகும், வேகமாகக் காயும். வாடைக்கால மூட்டத்தில் காயாத கருவாட்டில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அதைத் தடுக்கப் பூச்சிமருந்து தெளிக்கும் கெட்ட பழக்கம் எங்கே இருந்தாலும் அந்தக் கருவாட்டை வாங்கவே கூடாது.

கூரையும் விளக்கும்

பட்டா இல்லாத மண், ஆகவே அரசு வீட்டுத் திட்டங்கள் எட்டுவதில்லை. சவுக்குக் கம்பு நட்டு, பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த குடிசைதான். கால் கம்பை ஈரமணல் வரை இறக்க வேண்டும், காய்ந்த மணலில் நட்டது காற்றுக்கு ஆடி ஆடிக் குழியைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். கூரை தாழ்ந்து, ஓரம் தரையை ஒட்டி வர வேண்டும். கீழே புகும் காற்றுதான் கூரையைத் தூக்குகிறது. வேய்ந்து முடித்ததும் பழைய வலையை முழுக் கூரைக்கும் போர்த்தி, நுனிகளில் கல்லோ மணல்மூட்டையோ கட்டித் தொங்கவிடுகிறார்கள். இரும்பு ஆணியும் தகரமும் உப்புக்காற்றில் சீக்கிரமே பொடியாகும். தகரம் பறந்தால் ஆளை வெட்டும், ஓலை பறந்தால் ஓலைதான் போகும்.

மின்கம்பி எட்டாமல் பல பத்தாண்டுகள் ஓடின. மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு சூரியப் பலகை. இந்த இடம் ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் பலகையைத் தெற்கு நோக்கி 10 டிகிரி போலச் சாய்த்தால் போதும். கொஞ்சம் கூட்டி வைத்தால் மழை கழுவிவிடும். பலகை கெடுவதில்லை, பேட்டரி கெடுகிறது. 12 வோல்ட் அமில பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே வடித்தால் ஓரிரு வருடத்தில் செத்துவிடும். பகலில் போன், இரவில் டிவி என்று ஏற்றினால் அதுதான் நடக்கும். இணைப்பு முனைகளில் பச்சையாகப் பூக்கும் துருவுக்கு வாசலின் தடவ வேண்டும். பலகைமேல் படியும் உப்பைத் துடைக்க நல்ல தண்ணீர் வேண்டும். சிரட்டையால் அள்ளிய தண்ணீரைக் கண்ணாடிக்கு யார் ஊற்றுவார்கள்? ஈரத்துணிதான். அதுவும் விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே துடைத்தால் மணல் துகள் கீறாது.

சாலை வந்த பிறகு

2017ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் டயரில் காற்றைக் குறைத்த வேனும் ஜீப்பும் மணலிலும் தேங்கிய நீரிலும் உருண்டு போகும். இல்லாவிட்டால் நடை. மீனும் அதே வேனில், ஆளோடு ஆளாக. சாலை வந்ததும் காலை மீன் காலையிலேயே ஏலத்துக்குப் போகிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் ராமேசுவரத்துக்குப் பஸ்ஸில் போக முடிகிறது. சங்கு, சிப்பிக் கடையும் பொரித்த மீன் கடையும் பெண்கள் கையில் தினக்காசு தருகின்றன.

கூடவே வந்தது தண்ணீர்ச் செலவு. ஒரு கடை பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒரு குடும்பத்தின் குடிநீரை விட அதிகம். மணலுக்குள் மிதக்கும் நல்ல நீரின் தடிப்பு இங்கே மழையைப் பொறுத்தது, கூட்டத்தைப் பொறுத்து வளராது. கடைகளுக்கு வெளியிலிருந்து லாரித் தண்ணீர் என்று கட்டாயமாக்குவதே ஊற்றுக்குப் பாதுகாப்பு.

சாலைக்கும் தொல்லை. சோழகக்காற்று காலத்தில் தென்பக்க மணல் பறந்து வந்து தார்மேல் குவியும், இயந்திரம் வைத்து அள்ள வேண்டும். அள்ளிய மணலை எதிர்ப்பக்கம் கொட்டினால் வாடை அதைத் திருப்பிக் கொண்டுவரும். இன்னொரு பக்கம் அலை சாலையோரத் தடுப்புக் கற்களைப் பெயர்க்கிறது. மணல் நகர்ந்துகொண்டிருக்கும் திட்டு இது. கோடு போட்டு நிறுத்தினால் கோட்டைச் சுற்றி அரிக்கும்.

உடம்புக்கு வந்தால்

அரசு மருத்துவமனை ராமேசுவரத்தில், முனையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சாலை இருப்பதால் 108 வரும். மாதம் நெருங்கிய கர்ப்பிணியை முன்கூட்டியே ராமேசுவரத்து உறவினர் வீட்டில் வைப்பதுதான் அதை விட நம்பகம்.

அன்றாட அடி வேறு. திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான, சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வைக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும், வலி கண்ணெதிரே இறங்கும். குத்துப்பட்டவன் மரத்துப்போன காலால் சூட்டை உணர மாட்டான், ஆகவே இன்னொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். முள் உள்ளே முறிந்திருந்தால், அல்லது நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால், பிடுங்காமல் வண்டி ஏற்ற வேண்டும். சொறி பட்டால் மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. இரண்டும் தோலில் ஒட்டிய, இன்னும் வெடிக்காத நுண்ணிய விஷப்பைகளை வெடிக்கச் செய்யும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழையைக் குச்சியால் எடுத்த பிறகு வெந்நீர்.

கூண்டு ஏறும் நாள்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை ஏறும். 1, 2 என்பது தூரத்துச் சேதி, அப்போதே வலையை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். தோணியைக் கவிழ்த்து, கயிற்றை மணலில் புதைத்த மூட்டையோடு கட்டுகிறார்கள். வெறுமனே முளை அடித்தால் ஈரமணலிலும் பிடுங்கிக்கொண்டு போகும். மூட்டையை ஒரு முழங்கை ஆழம் புதைத்தால் மேலுள்ள மணலின் எடையே பிடித்து நிறுத்தும்.

ஆள் கிளம்பும் நேரத்தைப் பற்றித்தான் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் பக்கம் வந்தபோதும் வெளியேற்றம் நடந்தது. வெளியே போகும் வழி ஒன்றே, அது கடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கடல் ஏறினால் முதலில் முங்குவது சாலைதான், குடிசை நிற்கும் மேடு பிறகு. ஆகவே மேட்டில் நின்று பார்த்து முடிவெடுப்பவருக்குத் தாமதம் நிச்சயம். காற்று இன்னும் சாதாரணமாக அடிக்கும்போதே, பகலிலேயே கிளம்ப வேண்டும். வலையையும் எஞ்சினையும் காக்க ஆண்கள் ஒன்றிரண்டு பேர் பின்தங்குவது வழக்கம். வலைக்கும் எஞ்சினுக்கும் காப்பீடோ, ராமேசுவரத்தில் பூட்டி வைக்க ஒரு கொட்டகையோ இருந்தால் அந்த ஆண்களும் வண்டியில் ஏறுவார்கள். மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய மலிவான வேலை அந்தக் கொட்டகைதான்.

அலை மணல்மேட்டைத் தாண்டிப் போயிருந்தால் ஊற்றில் மேலிருந்தும் உப்பு இறங்கியிருக்கும். திரும்பி வந்ததும் பழைய குழியை இறைத்துக்கொண்டிருப்பது வீண். இறைக்க இறைக்க அடி உப்பும் சேர்ந்து ஏறும். அலை தொடாத பள்ளமாகப் பார்த்துப் புதுக்குழி தோண்டி, ஊறிய முதல் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரித்தால் மூடிவிட்டு இன்னும் மேற்கே. அதுவரை லாரித் தண்ணீர். டிசம்பரில் அடித்த புயலுக்குப் பின் அந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் மழை குறைவு, ஆகவே அடுத்த ஐப்பசி வரை பழைய ஊற்றை யாரும் தொடுவதில்லை.